தகுதியுள்ள தம்பதியர்

ஏப்ரல் வந்தால் கிராம சுகாதார செவிலியர்களுக்குக் கணக்கெடுப்பு. மனைவிக்கு 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற ஒவ்வொரு தம்பதியையும் வீடு வீடாகப் போய் எழுதவேண்டும். 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' என்பது முழுப்பெயர். நாங்கள் இ.சி. ரிஜிஸ்டர் என்போம். கணவன் பெயர், மனைவி பெயர், கல்யாணத்தின்போது என்ன வயது, இப்போது என்ன வயது, உயிரோடு இருக்கும் ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, கருத்தடைக்கு என்ன முறை. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

என் பணிக்காலம் முழுவதும் திருப்பூரைச் சுற்றியே கழிந்தது. 1990களின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது என் எல்லையில் சோளமும் கடலையும் போட்ட மானாவாரிக் காடுகள்தான். பிறகு அந்தக் காடுகளுக்கு நடுவிலேயே பனியன் கம்பெனிகள் எழுந்தன. கம்பெனியை ஒட்டி லைன் வீடுகள். திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்து ஆட்கள் முதலில் வந்தார்கள். அப்புறம் ஒடிசா, பீகார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. லைன் வீடுகள் வந்தபின் அந்த அளவு எங்களுக்குப் பொருந்தவே இல்லை.

சேர்ந்த புதிதில் இலக்கு இருந்தது. ஒவ்வொரு செவிலியரும் ஆண்டுக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கேஸ், இத்தனை காப்பர்-டி கேஸ் கொண்டுவந்து காட்டவேண்டும். மார்ச் நெருங்கினால் ரிவ்யூ மீட்டிங்கில் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைப்பார்கள். இரண்டு குழந்தை பெற்றவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று விடிகாலையில் கிளம்பிப் போவோம். 1996 ஏப்ரலில் மத்திய அரசு இந்த இலக்கு முறையைக் கைவிட்டது. எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அதன் பிறகுதான் அந்தப் பதிவேட்டை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை என்று அது கேட்கிறது. எப்போது நிறுத்தினாய் என்று கேட்கிறது. வேண்டுமா என்று எந்தப் பத்தியிலும் கேட்கவில்லை.

குழந்தை வேண்டும், வேண்டாம் என்பது இரண்டு பேர் எடுக்கிற முடிவு. பழி மட்டும் ஒருத்தி தலையில் விழுகிறது. என் வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த ஒன்றோடுதான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியும் தொட்டில் கட்டாத வீட்டை ஊர் ஒரே மாதிரிதான் பார்க்கும். உள்ளே நிலைமை வேறு வேறாக இருக்கும். ஏங்கிக் காத்திருக்கிறவர்கள் உண்டு. கடன் அடையட்டும், சீட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அவனுக்கு வேண்டும், அவளுக்கு வேண்டாம் என்றிருப்பவர்களும், நேர்மாறாக இருப்பவர்களும் உண்டு. இருவருக்குமே வேண்டாம் என்றிருப்பவர்கள் குறைவு, ஆனால் இருந்தார்கள். இப்போது படித்த வீடுகளில் மட்டுமல்ல, லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். இவர்கள் யார் யார் என்று வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "சாமி இன்னும் குடுக்கலீங்க்கா."

அதனால் நான் வாசலில் கேட்கமாட்டேன். "மொகம் வெளுத்துக் கெடக்குது கண்ணு, ரத்தம் பாக்கோணும், சென்டருக்கு வா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ரத்தம் பார்க்கப் போகிறாள் என்றால் எந்த மாமியாரும் தடுப்பதில்லை.

அந்தக் காலத்தில் ஹீமோகுளோபின் பார்க்க சாலி முறை. கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக்கொள்வோம். விரல் நுனியில் குத்தி, பிப்பெட்டில் குறி வரைக்கும் ரத்தத்தை உறிஞ்சி அதில் கலப்போம். ரத்தச் சிவப்பு மெல்ல மெல்லப் பழுப்பாக மாறும். முழுதாக மாறப் பத்து நிமிடம் வைக்கவேண்டும். பிறகு பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, எட்டு, எட்டரை என்று அளவு படிப்போம். அந்தப் பத்து நிமிடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். வேறு வேலை கிடையாது. என்னிடம் வந்த பேச்சில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடங்களில் வந்ததுதான். இப்போது மீட்டரில் பட்டையைச் செருகினால் நொடியில் எண் வந்துவிடுகிறது. அளவு துல்லியம், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் பெண்களும் நொடியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

அப்படி ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். திண்டுக்கல் பக்கத்துக்காரி. கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. "பிள்ளை வேணும்னு இருக்கியா கண்ணு, வேண்டாம்னு இருக்கியா?" என்று கேட்டேன்.

"ரிஜிஸ்டர்ல எழுதவா கேக்குறீங்க?"

"அதுல இதுக்கு எடமில்ல. எனக்குத் தெரியோணும்."

சிறிது நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். வீட்டுக்கு மூத்தவள். அம்மா களை வெட்டப் போனதும் கடைக்குட்டித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். பதினாறு வயதில் நூல் மில்லுக்குப் போயிருக்கிறாள். மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாடு அப்போது அந்தப் பக்கத்து மில்களில் பரவலாக இருந்தது. சுமங்கலித் திட்டம் என்பார்கள். அவளுக்குக் கிடைத்த தொகை தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸுக்குப் போனது. "வளத்ததும் நாந்தான், படிக்க வச்சதும் நாந்தான். இன்னொருவாட்டி வளக்க எனக்குத் தெம்பு இல்லக்கா. இப்பத்தான் சனிக்கிழம சம்பளத்த என் கையில வாங்குறேன். அவருக்கும் வேணாம்னுதான் சொல்றாரு. ஆனா அவுங்க அம்மாகிட்ட வாயத் தொறக்க மாட்டாரு."

மாமியார் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஊரிலிருந்து வருவார். வந்தால் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து மருமகளை வெறும் வயிற்றில் குடிக்கவைப்பார். பழனிக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். அரசமரத்தில் தொட்டில் கட்டவைத்தார். செருப்பில்லாமல் அவள் நடந்தாள். அதே நாட்களில் இரவுதோறும் மாலா-என் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். 21 வெள்ளை மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை கொண்ட அட்டை. மாமியார் வந்தால் அது மல்லித்தூள் டப்பாவுக்குள் போய்விடும். எடுக்க வாய்ப்பில்லாத இரவுகளில் விட்டுப்போகும். விட்டுப்போன மாதமெல்லாம் பயம்.

மாத்திரையை மறைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு மாத்திரை ஏற்ற முறை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இப்போது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. மறைக்க எதுவும் இல்லை. ஆனால் நிறுத்திய பின் மறுபடி கருத்தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம் வரை ஆகலாம் என்பதைச் சொல்லித்தான் போடவேண்டும், பின்னால் மனம் மாறக்கூடியவர்களுக்கு அது முக்கியம். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அவளுக்கு நான் சொன்னது காப்பர்-டி. 380ஏ வகை பத்து வருடம் இருக்கும், எடுத்தவுடன் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. பிள்ளை பெறாதவளுக்குக் காப்பர்-டி போடக்கூடாது என்று ஊரில் மட்டுமல்ல, எங்கள் துறையிலேயே பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் அப்படித் தடை எதுவும் இல்லை. பால்வினை நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெறாதவர்களுக்கும் போடலாம். இதைச் சொல்லி ஒரு டாக்டரைச் சம்மதிக்கவைக்க நான் நடையாய் நடக்கவேண்டியிருந்தது.

காப்பர்-டி ஒரு தொல்லையைத்தான் தீர்த்தது. வேப்பங்கொழுந்தை அது தீர்க்காது. கணவரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். லைன் வீட்டுப் பொதுக்குழாயடியில் டி.வி.எஸ். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆடிக்கு உங்க அம்மா வந்தப்ப வேப்பங்கொழுந்து யாரு குடிச்சாங்க?"

"அவதான் சிஸ்டர்."

"உங்களுக்கு ஒரு டம்ளர் குடுத்தாங்களா?"

வண்டி துடைப்பதை நிறுத்திவிட்டார். "அம்மா மனசு தாங்காது சிஸ்டர்" என்றார். அது உண்மைதான். கெட்ட மனிதர் இல்லை; மனைவிக்கு வேண்டாம் என்று தெரிந்தபின் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. அதுவே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "முடிவு ரெண்டு பேருதுன்னா ரெண்டு பேரும் சொல்லோணும். நீங்க சொல்லாத ஒவ்வொரு நாளும் உங்க அம்மா அவளத்தான் வெறுக்கிறாங்க."

ஆண்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1950களின் இறுதியில் சென்னை மாநில அரசு அறுவை செய்துகொள்பவர்களுக்கு 30 ரூபாய் கொடுத்த காலத்தில் அது பெரும்பாலும் ஆண்களுக்கான ஆபரேஷன். நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள். வடக்கே பலரை இழுத்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். அதோடு ஆண்கள் விலகினார்கள். குடும்பக் கட்டுப்பாடு முழுக்கப் பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் இந்திய அளவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுவது 0.3 சதவீதம். தழும்பில்லாத வாசெக்டமி பத்து, பதினைந்து நிமிட வேலை. தோலில் தையல் கிடையாது. விளக்கிச் சொல்ல ஆணை உட்காரவைப்பதே பெரும்பாடு.

பிள்ளைக்கு ஏங்குகிற வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வருடம் சேர்ந்திருந்தும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரையும் பரிசோதிக்கவேண்டும். எல்லாவற்றிலும் சுலபமானது ஆணின் விந்துப் பரிசோதனை: ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. ஆனால் அதுதான் கடைசியில் நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஸ்கேன், டி அண்ட் சி, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எல்லாம் ஆகிவிட்டது. இன்னொரு கல்யாணம் என்கிற பேச்சும் அந்த வீட்டில் ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கணவன் ஒரு டப்பாவைக் கையில் வாங்கினான். அணு எண்ணிக்கை மிகக் குறைவு. அந்தப் பெண் அழவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் யாருக்கும் காட்டவும் இல்லை. காட்டவேண்டியது அவன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் எல்லையை விட்டுக் குடிமாறிப் போகும்வரை அவன் காட்டவில்லை. என்னை இன்றும் கோபப்படுத்தும் வீடு அது.

ஓவர்லாக் டெய்லர் தன் அம்மாவிடம் சொன்னார். உடனே இல்லை. ஒரு தீபாவளி கழித்து, மறு தைக்கு ஊருக்குப் போனபோது. அந்தம்மா பஸ் ஏறி நேரே என் சென்டருக்கு வந்தார். கையில் மஞ்சப்பை, அதில் பாதி முருங்கைக்காய். சண்டைக்கு வந்தவர் முருங்கைக்காயோடு வந்திருந்தார்.

"நீங்கதான் ரெண்டு பேரு மனசையும் மாத்திட்டீங்களாமே நர்ஸம்மா."

"நான் மாத்தலீங்கம்மா. அவுங்க நெனச்சத உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன்."

"வயசான காலத்துல அதுகள யாரு பாப்பா?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். நான் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன்: "உங்கள யாருங்கம்மா பாக்குறாங்க?" அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் திருப்பூர், ஒருவர் சென்னை, பெண்ணைக் கட்டிக்கொடுத்தது கேரள எல்லையில். ஊரில் ஓட்டுவீட்டில் தனியாக இருக்கிறார். ரேஷன் அரிசி, முதியோர் உதவித்தொகை, இரண்டு ஆடு. என் பதிலோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தம்மா விடவில்லை.

"தனியாத்தான் கெடக்கேன். ஆனா இருக்குதுகல்ல? ராத்திரி போன் அடிக்கிதுக. இல்லாம இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் ஒண்ணா நர்ஸம்மா?"

ஒன்றில்லைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவளும் நான் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே அந்த இருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வேண்டாம் என்கிறவர்களிடம் இதைக் கேட்கக்கூடாது, அது வற்புறுத்தல் என்று சில இளைய செவிலியர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் குத்திக்காட்டக் கேட்பது வேறு. இருவரும் உட்கார்ந்து, அறுபது வயதில் நம்மில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் என்ன என்று தங்களைக் கேட்டுக்கொள்வது வேறு. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்ட ஆரம்பித்தார்கள், அவள் தம்பியின் ஊர்ப் பக்கம் இடம் பார்த்தார்கள். முடிவில் மாற்றமில்லை.

மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சிங்கர் டெய்லர் ஒருத்தி வேண்டவே வேண்டாம் என்றிருந்தாள். அவளோடு பேசப் பேசத் தெரிந்தது, அவள் பயந்தது பிள்ளைக்கு அல்ல, வேலை போய்விடுமே என்பதற்கு. கான்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட்டில் தைப்பவள், இ.எஸ்.ஐ. கிடையாது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு விடுப்பு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். சட்டம் அப்படி. பீஸ் ரேட் பெண்ணுக்கு அது எட்டுவதில்லை. அவளும் கணவனும் இ.எஸ்.ஐ. பிடிக்கிற ஒரு கம்பெனிக்கு, கொஞ்சம் குறைந்த கூலிக்கு, மாறினார்கள். சந்தா நாட்கள் சேர்ந்தபிறகு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஆரம்பித்துவைத்தேன். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே அதைச் சாப்பிடவேண்டும் என்பது இன்னும் பல வீடுகளில் தெரியாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணை தவணையாக வந்தது. அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், எது வேண்டாம் என்று கேட்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கருக்கலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை விட்டுப்போய்த் தங்கிவிட்ட கர்ப்பத்தோடு வந்த ஒருத்தியை, கணவன் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கருத்தடை முறை தவறியதை ஒரு காரணமாகச் சட்டம் ஏற்கிறது. முன்பு கல்யாணமானவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2021 திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் ஆக்கியது. இவ்வளவு தெளிவாக இருந்தும், கையெழுத்துக்கு அலையவிட்டு, நாள் தள்ளி, கடைசியில் மருந்துக்கடையில் எதையோ வாங்கி விழுங்கி ரத்தப்போக்கோடு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனைவியின் உடம்பின்மேல் கணவனுக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுக்கிறவர்கள், வேப்பங்கொழுந்து குடிக்கிற பங்கை அவனுக்குக் கொடுப்பதில்லை.

அரசு இதில் எப்போதும் ஒரு தரப்பாகவே இருந்துவந்திருக்கிறது. 1952இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. சிவப்பு முக்கோணத்தோடு 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதினோம்; பிறகு 'நமக்கு ஒருவர்' ஆனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8, மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எம்.பி. இடங்கள் குறையும் என்ற கவலையில், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மேடையில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளிடம் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். அந்தக் கவலை நியாயமானது. கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் தண்டனை பெறக்கூடாது. ஆனால் அந்தக் கணக்கை லைன் வீட்டுக்குள் கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை. நாட்டுக்காகக் குறைவாகப் பெறு என்று சொல்லிக்கொண்டு ஒரு காலத்தில் அந்த வாசலுக்குப் போனோம். நாட்டுக்காக அதிகமாகப் பெறு என்று சொல்லிக்கொண்டு அதே வாசலுக்கு இன்னொரு செவிலியர் போவதை நான் விரும்பவில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசும்போது, மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொல்ல, தான் பெண்ணின் விடுதலைக்காகவே அதை வேண்டுவதாகச் சொல்கிறார். எங்கள் பயிற்சிப் பாடத்தில் அது இல்லை. பணியில் பாதிக்காலம் கழிந்து ஒரு நூலகத்தில் அதைப் படித்தேன். செக்கிங் வேலைப் பெண் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

அவளுக்கு 33 வயதானபோது இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வந்தார்கள். 35க்கு மேல் கருத்தரிப்பு குறையும், மனம் மாறுவதாக இருந்தால் இப்போது யோசிப்பது நல்லது என்று நான்தான் முன்பு சொல்லிவைத்திருந்தேன். யோசித்துவிட்டு வந்திருந்தார்கள். கணவர் பேசினார். "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன் சிஸ்டர். இவ ஒடம்புல இத்தன வருசம் அது இருந்தது போதும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கையை விரிக்கவேண்டியிருந்தது. அரசு வழிகாட்டுதலின்படி, ஆணோ பெண்ணோ, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளக் குறைந்தது ஒரு குழந்தையாவது இருக்கவேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்கவேண்டும். உடல்நலக் காரணம் இருந்தால்தான் விலக்கு. ஒரு காலத்தில் கட்டாயமாகச் செய்ததற்குப் பிறகு பாதுகாப்புக்காக வந்த விதிகளில் இதுவும் ஒன்று. அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர், பத்து வருடத்துக்கு மேல் யோசித்து, மனைவியோடு வந்து நின்று கேட்கும்போது இந்த விதி தளரவேண்டும் என்றும் நினைக்கிறேன். எழுதிக் கேட்டும் பார்த்தேன். நடக்கவில்லை. காப்பர்-டி காலம் முடிந்ததும் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டாள். அந்தப் பத்து வருடம் அவளை நாற்பதுகளின் நடுவில் கொண்டுபோய் விடும்.

கம்பெனியில் இன்னமும் கேட்கிறார்களாம். அவள் இப்போது லைன் சூப்பர்வைசர். அவளிடம் நேரே கேட்கத் தயங்கி அவரிடம் கேட்கிறார்கள். டீ டைமில் யாராவது ஆரம்பித்தால், நாங்கள் இருவரும் வேண்டாம் என்று இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வடையைப் பிய்ப்பாராம். அவளே சொன்னாள்.

பணி ஓய்வுக்கு முன் பதிவேட்டை அடுத்த செவிலியரிடம் ஒப்படைத்தபோது, எந்தத் தெரு எப்படி, எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்பதோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். நம் ஃபீல்டு விசிட் எல்லாம் வேலைநாள் காலையில். அப்போது ஆண்கள் ஷிப்டில் இருப்பார்கள். நாம் எழுதும் 'தம்பதியர்' எல்லாம் பெண்கள் மட்டும் சொல்லி எழுதியது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது போ. பத்து மணிக்கு மேல் போ. அதற்கு முன் எழுந்திருக்கமாட்டார்கள். கறிக்கடைக்குப் போய்வந்து குழாயடியில் நிற்பார்கள். அங்கே வைத்துப் பேச்சைத் தொடங்கு.